முருகனுக்கு எதற்குத் தலையணை உயரம்?

சுங்குவார்சத்திரம்
11.6.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பெருமாள்சாமி எழுதுவது. நீயும் அத்தானும் உன் பால்வாடிப் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே என் வீட்டுக்காரி கோமதி சுகம். நானும் தலையிலிருந்து முதுகு வரைக்கும் சுகம், தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சுகம். நடுவில் மட்டும் தகராறு.

போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் ஊர் பூத்துக்காரர் காதில் விழுந்தால், நீ வீடு போய்ச் சேருவதற்குள் எனக்கு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, ஒரு காலும் போயிருக்கும். அதனால் இன்லண்டு லெட்டர்.

கம்பெனியில் நான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டை நீ பார்த்ததில்லை. முன்னால் இரண்டு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி. சரக்குப் பெட்டியை ஏந்திவிட்டால் எதிரே ஒன்றும் தெரியாது. வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓட்டவேண்டும். ஊரில் எல்லாரும் முன்னேறிப் பிழைக்கிறார்கள். நான் இத்தனை வருஷமும் ரிவர்ஸில் போய்ப் பிழைத்தவன். போன மாதம் வண்டியைவிட்டு இறங்கும்போது, வலது பின்பாக்கெட்டுக்கு மேலே ஒரு குழி இருக்குமே, அங்கே யாரோ திருப்புளியைச் செருகித் திருகியதுபோல் இருந்தது. இரண்டாக மடங்கி வீடு வந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் தணிகாசலம் வாசலில் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கீழ எதுனா தொலைச்சிட்டியா? நானும் தேடட்டா?" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்தார். முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டாம். எஸ்.ஐ. ஜாயிண்ட் என்று பெயர். அது கோபித்துக்கொண்டிருக்கிறதாம். கொஞ்ச நாளைக்கு மாத்திரை, மற்றபடி எல்லாம் உடற்பயிற்சிதான் என்றார். ரேஷன் கடை வரிசையைத் தவிர வேறு பயிற்சி கண்ட உடம்பா இது?

வண்டியை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். வருகிற லாரிக்கு சலாம், போகிற லாரிக்கு டாட்டா. ஆயுத பூஜைக்குள் கம்பெனி டாக்டர் 'சரி' என்றால் வண்டி என் கைக்கு வரும். இல்லாவிட்டால் கடைசிவரை கேட்டுதான். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன் அக்கா. ஆனால் என் வண்டியில் இன்னொருவன் உட்கார்ந்து போவதைத் தினமும் பார்க்க என்னால் ஆகவில்லை.

பாதி நிமிர்ந்த நிலையில்,
உன் தம்பி
பெருமாள்சாமி


கரிசல்குளம்
25.6.2003

தம்பி பெருமாளுக்கு அக்கா சொர்ணம்மாள் ஆசீர்வாதம். நாங்க நல்லாருக்கோம். அத்தானுக்குப் பசி நல்லா எடுக்குது, அதுல ஒரு குறையும் இல்ல. கோமதிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. நிமிந்து நிக்கும்போதே உன்னால அவளுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது.

ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. எலும்பு தட்டுற வைத்தியர்கிட்ட மட்டும் போயிராத. அத்தானுக்குக் கழுத்து பிடிச்சப்ப ஒருத்தர்கிட்டப் போனாகளே, ஞாபகம் இருக்கா? அவரு திருப்புன திருப்புல இவுக ஆறு மாசம் வடக்கேயே பாத்துக்கிட்டு இருந்தாக. மேற்க போற மாட்ட ஓட்ட முடியல. டாக்டர் சொன்ன பயிற்சிய ஒழுங்காச் செய்யி.

நீ செய்யமாட்டன்னு எனக்குத் தெரியும். அதனால நானே ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். வல்லக்கோட்டை முருகனுக்கு நேந்துக்கிட்டேன். நீ மறுபடி அந்த வண்டில ஏறி உக்காந்தா, ஈர வேட்டியோட அவரு பிராகாரத்த ஒரு சுத்து அங்கப்பிரதட்சணமா உருளணும். உருளப்போறது நீ. எனக்கு பஸ்ஸுல வர நேரமில்ல.

கழுகுமலை முருகன் பக்கத்துல இருக்கும்போது அவருக்கு ஏன்னு கேப்ப. கழுகுமலையான் எங்க எல்லைக்கு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடக்குற சங்கதிக்கு அங்க இருக்கிறவர்தான் பொறுப்பு. உன் வீடு பால்காய்ச்ச வந்தப்ப பாத்தேன்லா, எவ்வளவு உசரமா நிக்காரு. அவ்வளவு உசரத்துல நாள் பூரா நிக்கிறவருக்கு இடுப்பு வலின்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்.

என்ன பயிற்சி, எப்படிச் செய்யணும்னு விவரமா எழுது. வேண்டிக்கிடும்போது மொட்டையா 'இடுப்பு'ன்னு சொன்னா அவரு எந்த இடுப்புன்னு கண்டாரு?

வேணும் சுகத்தோட இரு.
அக்கா


சுங்குவார்சத்திரம்
9.7.2003

அன்பும் அநியாயமும் ஒருங்கே கொண்ட அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நேர்த்திக்கடன் என்றால் நேர்ந்தவர் மொட்டை போடவேண்டும், நேர்ந்தவர் தீ மிதிக்கவேண்டும். வாய் உன்னுடையது, உருளுகிற உடம்பு என்னுடையதா? கோமதியிடம் நியாயம் கேட்டேன். "மதினி சொன்னாச் சொன்னதுதான்" என்று ஈர வேட்டிக்கு எது தோதுப்படும் என்று பெட்டியைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

பயிற்சி சொல்லித்தருகிறவள் பெயர் சசிரேகா. பேச்சு மெத்து, பிடி இரும்பு. முதல் நாளே பின்பாக்கெட்டில் இருப்பதை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். என் பர்ஸில் காசைத் தவிர எல்லாம் இருந்தது. பழைய பஸ் டிக்கெட்டுகள், பூட்டு தொலைந்துபோன சாவி, நீ கொடுத்த விபூதிப் பொட்டலம். செங்கல் கனம். "இது மேல உக்காந்துதான் வண்டி ஓட்றீங்களா சார்? ஒரு பக்க இடுப்பு மேல, ஒரு பக்கம் கீழ. தராசு மாதிரி சாஞ்சி உக்காந்தா மூட்டு என்ன பண்ணும்?" என்றாள். திரும்பிப் பார்க்கிற வேலையும் பர்ஸும் சேர்ந்து செய்த சதியாம்.

இனி நீ கேட்ட விவரம். படுக்கையிலிருந்து சடாரென்று எழக்கூடாது. இரண்டு முழங்காலையும் மடக்கி ஒட்டவைத்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப, வெட்டிப்போட்ட மரக்கட்டை உருளுவதுபோல மொத்தமாகப் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழவேண்டும். இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போகக்கூடாது. இதற்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நெஞ்சுப்பக்கம் கொண்டுவருவது. "இழுக்கணும், வலிக்கக் கூடாது" என்பது சசிரேகாவின் வேதவாக்கு. அடுத்தது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து லேசாக அமுக்கி விடுவது. தூங்கும்போதும் ஒருக்களித்துப் படுத்து அதே தலையணை அதே இடத்தில். ஜன்னல் வழியே பார்த்த தணிகாசலம், "இன்னா சாமி, தொட்டிலுதான் பாக்கியா கீது, கட்டிரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முருகனிடம் 'வலது இடுப்பு' என்று தெளிவாகச் சொல். மாற்றிச் சரிபண்ணிவிடப் போகிறார்.

கட்டையாக உருளும்,
பெருமாள்சாமி


கரிசல்குளம்
6.8.2003

பெருமாளுக்கு,

சுகந்தானே? பதில் போட நாளாயிட்டு. வேலை. அத்தான் சுகம். மழை இல்ல.

உன் லெட்டர அன்னைக்கே படிச்சிட்டேன். முருகன்கிட்டச் சொல்லணும்னா இன்னும் விவரம் வேணும். மொத சந்தேகம், அந்தத் தலையணை எவ்வளவு உசரம் இருக்கணும்? பஞ்சுத் தலையணையா, இலவம்பஞ்சா? பாயில படுத்துச் செய்யலாமா, கட்டில்தான் வேணுமா? இடது கால நெஞ்சுக்குக் கொண்டுவரும்போது வலது கால் நீட்டி இருக்கணுமா, மடக்கியா? மூச்ச எப்ப விடணும்? வலி பின்பக்கத்துலயே நிக்காம இடது தொடை வரைக்கும் எறங்கினா செய்யலாமா கூடாதா?

விளையாட்டா எடுத்துக்காம எழுது.

இங்க ஒண்ணும் விசேஷம் இல்ல. பால்வாடில இப்ப ஸ்டூல் போட்டு உக்காந்துதான் பாட்டு சொல்லிக் குடுக்கேன். கீழ உக்காந்தா பிள்ளைக சேலைய இழுக்குதுக.

அக்கா


சுங்குவார்சத்திரம்
19.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானையும் உன்னையும் ஆண்டவன் நன்றாக வைக்கட்டும். உன் லெட்டரை நானும் கோமதியும் மாற்றி மாற்றிப் படித்தோம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முருகனுக்கு எதற்குத் தலையணை உயரம்? சூரனை வதம் செய்தவருக்கு இலவம்பஞ்சா சாதாப் பஞ்சா என்று தெரியாமல் அருள் நின்றுபோகுமா?

இருந்தாலும் கேட்டுவிட்டாய். சசிரேகாவிடம் அப்படியே ஒப்பித்தேன். "உங்க அக்கா டாக்டரா சார்?" என்றாள். "இல்லை, பக்தை" என்றேன். தலையணை, மேல்கால் கீழே சரியாமல் இடுப்புக்குச் சமமாக நிற்கிற உயரம் இருந்தால் போதும். பஞ்சு எதுவானாலும் சரி. பாயில் செய்யலாம், ஆனால் கீழே உட்கார்ந்து எழுவது சிரமம் என்றால் கட்டில் நல்லது. மற்றக் கால் ஆரம்பத்தில் மடங்கி இருக்கட்டும், பழகியபிறகு நீட்டலாம். காலைக் கொண்டுவரும்போது மூச்சை வெளியே விடவேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து முகம் கத்தரிக்காய்க் கலராகி அவள் பயந்துபோனாள்.

தொடை வரைக்கும் இறங்குகிற வலிக்கு அவள் சிரிக்கவில்லை. செய்யும்போது வலி கீழே கீழே போனால் உடனே நிறுத்தவேண்டுமாம். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ டாக்டரைத்தான் பார்க்கவேண்டுமாம். ஆளைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சி சொல்ல முடியாது என்றாள். எனக்குத் தொடைக்கு இறங்கவில்லை. ஏன் கேட்டாய்?

இப்போது புதுசாக ஒன்று. மல்லாந்து முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, பின்பக்கத்தை மெல்ல மேலே தூக்கிப் பாலம் மாதிரி நிற்பது. முதல் நாள் என் பாலத்தில் ஒரு எறும்பு புகுந்து போகிற இடம்தான் இருந்தது. இப்போது கோமதி அதற்கடியில் துடைப்பத்தைவிட்டுப் பெருக்குகிறாள்.

நிற்கும்போது ஒரு காலில் பாரம் போட்டு இடுப்பை ஒடித்து நிற்கக்கூடாதாம். இந்த ஊர் டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் அப்படித்தான் நிற்கிறார்கள். எல்லாரையும் திருத்தவேண்டும்போல் இருக்கிறது.

பாலம் கட்டும்,
பெருமாள்சாமி


கரிசல்குளம்
10.9.2003

தம்பிக்கு,

கோமதியும் நீயும் சுகமாருக்கணும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுறத விட்டுட்டு ஏன் கேட்ட, எதுக்குக் கேட்டன்னா? உனக்காகச் சாமி கும்புடுறவ கேக்கேன், சொல்லேன்.

நீ சொன்னபடி பாலம் தூக்குனா இடது பக்கம் மட்டும் தாழ்ந்து போகுதுன்னு வையி, அப்ப என்ன செய்ய? கீழ சம்மணம் போட்டு உக்காரலாமா? உக்காந்தா எப்படி எந்திரிக்க? ஒரு மூணு வயசுப் பிள்ளை கனம் இருக்கிற பொருளத் தரையிலேருந்து தூக்கணும்னா எப்படித் தூக்கணும்?

உன் லெட்டர்லயே தெரியுது, உனக்கு வலி குறைஞ்சிட்டு. எகத்தாளம் கூடிப்போச்சு. வேட்டிய எடுத்து வையி.

அக்கா


சுங்குவார்சத்திரம்
14.10.2003

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். கம்பெனியில் ஆயுத பூஜை அமர்க்களம். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஃபோர்க்லிஃப்டுக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி அதன்மேல் ஏறி ஜம்மென்று போயிற்று. யார் ஓட்டியது என்பதெல்லாம் ஒரு விஷயமா? பழம் நசுங்கியது, அதுதான் முக்கியம். பொரியும் சுண்டலும் ஏராளம். மாரிசெல்வத்துக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். உன் பக்கத்துவீட்டுப் பையன்தானே, இப்போது எங்கள் கம்பெனியில் மிஷின் லைனில் வேலைக்கு நிற்கிறான். மெலிந்துவிட்டான்.

இடுப்பைப் பற்றிக் கேட்காதே. சொன்னால் கண்பட்டுவிடும். இருக்கிறது, அவ்வளவுதான். முழுசாகச் சரி என்று எவன் சொல்ல முடியும்? மனுஷ உடம்பு. ஈர வேட்டி, கல்தரை, மார்கழிக் குளிர் எல்லாம் வரப்போகிறது. அவசரப்பட வேண்டாம் என்று முருகனிடம் சொல்லிவை.

நீ கேட்டவற்றைச் சசிரேகாவிடம் கேட்டேன். பாலம் ஒரு பக்கம் தாழ்ந்தால் தாழ்கிற வரைக்கும் தூக்காமல், சமமாக நிற்கிற உயரத்தோடு நிறுத்தவேண்டும். சம்மணம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கீழே இருந்து எழும்போது முதலில் மண்டியிட்டு, எதையாவது பிடித்து, ஒரு பாதத்தை ஊன்றி, நேராக எழவேண்டும். கனத்தைத் தூக்குவதென்றால் கிட்டே போய், இரண்டு பாதமும் பதிய, முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கவேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக்கூடாது. இடுப்பில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கவே கூடாது.

மூன்று வயசுப் பிள்ளை கனத்தில் எனக்கு என்ன பொருள் இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

அவசரமில்லாத,
பெருமாள்சாமி


கரிசல்குளம்
8.11.2003

பெருமாளுக்கு,

தீவாளி நல்லபடியா கழிஞ்சிது. நீங்களும் எண்ணெ தேச்சிக் குளிச்சிருப்பீக. மாரிசெல்வம் ஊருக்கு வந்திருந்தான். வீட்டுக்கு வந்தான், அதிரசம் தின்னான், கம்பெனிக் கதை பேசுனான், போனான். நல்ல பய.

உனக்கு இன்னும் சரியாகலங்கிறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. ஆயுத பூஜைக்குள்ள வண்டி கிடைச்சிரும்னு நெனச்சேன். பாவம், கேட்டுலயே உக்காந்திருக்க. ஒரு சுத்து பத்தாது போலன்னு இன்னொரு சுத்தும் சேத்து நேந்துட்டேன். ஆக ரெண்டு சுத்து.

நீ பயிற்சிய மட்டும் விட்ராத. அடுத்தது என்ன சொல்லித் தந்தாகன்னு எழுது. இடது காலத் தூக்கி வலது முழங்கால் மேல போட்டு இழுக்கிறது ஒண்ணு உண்டாமே, அத வயசான பொம்பளைக செய்யலாமா?

அக்கா


சுங்குவார்சத்திரம்
26.11.2003

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வழக்கமாகக் கேட்கிற கேள்வி இல்லை இது. நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்றுச் சாப்பிட்டு முடித்து உன் லெட்டர்களை எல்லாம் எடுத்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுற்றைக் குறைக்கச் சொல்லி, உருளுவதற்குப் பதில் அடிப்பிரதட்சணம் வைத்துக்கொள்ளலாமா என்று மனு எழுதுவதற்காகத்தான் எடுத்தேன். அடிமேல் அடிவைத்து நடந்தால் முருகனும் சீக்கிரம் சலித்துப்போய் விட்டுவிடுவார். கோமதி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"வலது."

"மதினி எல்லா லெட்டர்லயும் இடது, இடதுன்னுல்லா கேக்காக."

"அவளுக்கு எப்பவுமே சோத்துக்கை பீச்சாங்கை குழம்பும்."

"பிள்ளைகளுக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதே அவுக வேலை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டூல். மூன்று வயசுப் பிள்ளை கனம். சம்மணம். வயதான பெண்பிள்ளைகள். ஊரிலிருக்கிற மூட்டையை எல்லாம் நகர்த்துகிற எனக்கு இது எட்டவில்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு எட்டியது.

அது யாருடைய இடது இடுப்பு அக்கா?

பதில் போடு. நான் கேலி செய்யமாட்டேன். கொஞ்சமாகத்தான் செய்வேன்.

பெருமாள்சாமி

பி.கு. நீ கேட்ட பயிற்சியை மல்லாந்து படுத்தபடி, லேசாக, பின்பக்கம் இழுக்கிற அளவுக்கு மட்டும் செய்யலாம். யாராக இருந்தாலும்.


கரிசல்குளம்
21.1.2004

தம்பி பெருமாளுக்கும் கோமதிக்கும் ஆசீர்வாதம்.

பொங்கல் முடிஞ்சி எழுதலாம்னு இருந்தேன். கோமதிக்கு ரெண்டு கண்ணு, உனக்கு ரெண்டு ஓட்டை.

என்னோடதுதான். ஜூலையிலேயே புடிச்சிட்டு. அழுத பிள்ளைய எல்லாம் இத்தன வருசமா இடது இடுப்புலதான வச்சேன்? வலது கையால சத்துமாவு உருண்டை குடுக்கணும்லா. உனக்குத் திரும்பிப் பாத்துப் பாத்து வந்துது, எனக்குத் தூக்கி வச்சி வச்சி வந்துது. ஒருநா ஒரு பயல தூக்கிட்டு எந்திரிச்சேன், எந்திரிச்ச எடத்துலயே நின்னுட்டேன். அவன் கீழ எறங்கி, "டீச்சர், அவுட்டா?"ன்னு கேட்டான்.

டாக்டரப் பாத்தேன், அதே மூட்டுன்னு சொல்லிட்டாரு. பயிற்சிக்குத் திருநெல்வேலிக்கு வரப்போக இருக்கணும்னாரு. பஸ்ஸுல உக்கார முடியாதவள பஸ்ஸுல போகச் சொன்னா எப்படிப் போக? அத்தான்கிட்டச் சொன்னா அந்தக் கழுத்து வைத்தியர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போவாக. அவுக வடக்க பாத்தாக, என்னத் தெக்க பாக்க வச்சிருவாரு. இடுப்புல பிள்ளைய வைக்க முடியாத டீச்சர யாரு வச்சிக்கிடுவா? அந்தப் பிள்ளைகள விட்டுட்டு வீட்டுல உக்காந்து நான் என்ன செய்ய? அதனால யார்கிட்டயும் மூச்சு விடல. உன் லெட்டர வச்சிக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, ஒவ்வொண்ணாச் செஞ்சேன். நீ எழுதுனதுலயே உருப்படியான எழுத்து அதுதான்.

இப்ப நல்லா வருது. போன வாரம் தரையில உக்காந்து பாட்டு சொல்லிக் குடுத்தேன். எந்திரிக்கும்போது மண்டியிட்டு, ஜன்னலப் புடிச்சி, நீ சொன்ன மாதிரியே. பிள்ளைக எல்லாம் அது பாட்டுல ஒரு பகுதின்னு நெனச்சி அதுகளும் அப்படியே எந்திரிக்குதுக. குனியத்தான் இன்னும் முழுசா வரல. பாதி தூரம் போயி நின்னுக்கிடுது.

இன்னொரு சங்கதி. தீவாளிக்கு மாரிசெல்வம் வந்தான்னு எழுதுனேன்லா. கம்பெனி ஆயுத பூஜை போட்டோ கொண்டுவந்தான். மாலை போட்ட வண்டில, பட்டையடிச்சி, பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதா? ஏலே, அன்னைக்கே கேட்டிருப்பேன். கேட்டா நீ வெக்கப்பட்டு எழுதுறத நிப்பாட்டிருவ. எனக்கு அடுத்த பயிற்சி வேணும்லா? அதான் உன்னக் கேட்டுலயே உக்கார வச்சிருந்தேன்.

அப்ப ரெண்டாவது சுத்து எதுக்குன்னு கேப்ப. அது உன் இடுப்புக்கு இல்ல. எனக்குக் குனிஞ்சி நிமிர வந்துட்டா, என் தம்பி உருளுவான்னு நேந்திருக்கேன். வேற யாரு எனக்கு உருளுவா? அத்தானுக்கு உருண்டா நிக்கத் தெரியாது.

குனிய வந்ததும் சொல்லுதேன். அப்ப உருளு. உன்னோட சுத்து அக்டோபர்லயே பாக்கி.

கோமதிக்கு முத்தம்.
அக்கா சொர்ணம்மாள்


சுங்குவார்சத்திரம்
11.2.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியும் கோமதியும் சுகம். இந்த முறை நடுப்பகுதியும் சேர்த்து.

உன் லெட்டர் வந்த அன்று சசிரேகாவிடம் போனேன். உன் இடது இடுப்புக் கதையை எதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "லெட்டர்லயே தேறிட்டாங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள். ஆனாலும் ஒரு தடவை ஆளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். பிறகு நான் பயந்து பயந்து, "அம்மா, கல்தரையில் உருளலாமா?" என்று கேட்டேன். கூடாது என்று எழுதித் தருவாள், அதை உனக்கு அனுப்பலாம் என்ற நப்பாசைதான்.

சிரித்தாள். "எப்படி உருளுவாங்க சார்?"

"கையைத் தலைக்குமேல் கூப்பி, காலைச் சேர்த்து நீட்டி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

"மொத நாள்லேருந்து அததான சார் தினம் காலையில கட்டில்ல செய்றீங்க. கட்டை மாதிரி" என்றாள்.

ஆக எட்டு மாதமாக நான் எதற்குப் பயந்து ஓடினேனோ, அதையே விடிந்ததும் விடியாததுமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். மெதுவாக, திருகாமல், இழுக்கலாம், வலிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. வல்லக்கோட்டைக்குக் கோமதியும் தணிகாசலமும் கூட வந்தார்கள். குளத்தில் முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டப் பிராகாரத்தில் படுத்தேன். நெஞ்சில் சில்லென்று கல். உருள ஆரம்பித்தால் வானம், தரை, வானம், தரை. திசை தெரியவில்லை. ரிவர்ஸில் போகிறவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன், தூணில் போய் முட்டினேன். தணிகாசலம் பக்கத்திலேயே நடந்து, "லெப்ட்ல ஒடிச்சிக்கோ சாமி, அப்டியே வா, அப்டியே வா, போதும்" என்று லாரி கிளீனர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் உருண்டுவந்த ஒரு அம்மாள், "இன்னாப்பா இது, ஆரன்தான் அடிக்கல" என்றார்.

ஒரு சுற்றுதான் உருண்டேன் அக்கா. அது உன்னுடைய சுற்று. 'குனிய வந்தால் உருளுகிறேன்' என்று பேரம் வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. சன்னதி முன்னால் வந்து நின்றபோது தலை சுற்றியது. அந்த உயரமான ஆளைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. 'இது இடது பக்கத்துக்கு' என்று மட்டும் தெளிவாகச் சொன்னேன். தலையணை உயரத்தையும் சொல்லிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும்.

என்னுடைய சுற்று பாக்கி இருக்கிறது. அதை நீ வந்தபிறகுதான் உருளுவேன். உருளுகிறபோது வேட்டி விலகிப் போகிறது. நேற்று மானம் போயிற்று. பின்னால் நடந்துவந்து குனிந்து குனிந்து இழுத்துவிட ஒரு ஆள் வேண்டும். தணிகாசலத்துக்குத் தொந்தி இடிக்கிறது. கோமதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆகவே அந்த வேலை உனக்கு.

அவசரம் இல்லை. குனிய எப்போது வருகிறதோ அப்போது கிளம்பு. பஸ்ஸில் முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடு.

கட்டில் தயாராக இருக்கிறது. தலையணை இலவம்பஞ்சு.

உன் தம்பி
பெருமாள்சாமி